ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கும் டர்ன்டேபிள்: பார்த்து வாங்குவது எப்படி?

பரணில் கிடக்கும் எல்பி தட்டுகளைப் போட்டுக் கேட்க ஆசை. வீட்டில் இருப்பதோ ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) உள்ளேயே இருக்கும் ஒரு ஜோடி பவர்டு ஸ்பீக்கர் மட்டும். ப்ரீஆம்ப் உள்ளடங்கிய டர்ன்டேபிள் இப்படிப்பட்டவர்களுக்குத்தான். ஆனால் அட்டைப்பெட்டியில் 'பில்ட்-இன் ப்ரீஆம்ப்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். ப்ரீஆம்ப் சுமாராக இருந்தால் பின்னால் தனியாக ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஊசியைத் தாங்கும் கை மட்டமாக இருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. தட்டும் சேர்ந்து தேயும்.

ப்ரீஆம்ப் என்ன செய்கிறது?

ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் தலைப்பகுதிதான் கார்ட்ரிட்ஜ். அதில் பரவலான மூவிங் மேக்னட் வகையிலிருந்து வரும் மின்னழுத்தம் 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். ஸ்பீக்கரின் ஆக்ஸ் துளை எதிர்பார்ப்பது ஏறத்தாழ 300 மில்லிவோல்ட். அதைப் பெருக்கித் தருவது ஒரு வேலை. இன்னொன்று, ஒலியைச் சமன் செய்வது. தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். பேஸைக் குறைக்காமல் அப்படியே வெட்டினால் பள்ளம் அகன்று, ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் குறைந்துவிடும். கூட்டி வெட்டிய ட்ரெபிளைக் கேட்கும்போது குறைத்தால், தட்டின் உராய்வு இரைச்சலும் கூடவே குறையும். இதற்கு 1954-இல் வந்த, அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் (ஆர்ஐஏஏ) அளவுமுறைதான் இன்றும் பொது: 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபெல் கூட்ட வேண்டும், 20,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய அதே அளவு குறைக்க வேண்டும். மைக் ப்ரீஆம்பில் டர்ன்டேபிளைச் செருகினால் சத்தம் வரும், ஆனால் பேஸே இல்லாமல் கீச்சென்று கேட்கும். காரணம் இதுதான்.

படி 1: உங்களிடம் இருப்பதன் பின்பக்கத்தைப் பாருங்கள்

ஆம்பின் பின்னால் 'ஃபோனோ' என்று எழுதிய துளைகளும் பக்கத்தில் ஒரு கிரவுண்டு திருகும் இருந்தால் ப்ரீஆம்ப் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 'ஆக்ஸ்', 'லைன்' மட்டும் இருந்தால் டர்ன்டேபிளில் இருக்க வேண்டும். சவுண்ட்பாரில் எச்டிஎம்ஐ, ஆப்டிகல் தவிர வேறு துளையே இல்லையென்றால் ப்ரீஆம்ப் இருந்தும் பயனில்லை. ப்ளூடூத்தில் அனுப்பும் மாடலைத் தேட வேண்டியதுதான்.

படி 2: அணைக்க முடிகிறதா?

பின்பக்கத்தில் ஃபோனோ/லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். லைனில் வைத்தால் உள் ப்ரீஆம்ப் வேலை செய்யும். ஃபோனோவில் வைத்தால் விலகிக்கொள்ளும். நாளைக்கு நல்ல ஆம்ப் வாங்கினால் இந்தச் சுவிட்ச் இருந்தால்தான் பிழைத்தீர்கள். ஆடியோ-டெக்னிகா எல்பி60எக்ஸ், எல்பி120எக்ஸ்யூஎஸ்பி, சோனி பிஎஸ்-எல்எக்ஸ்310பிடி மூன்றிலும் இது உண்டு. ரேகா பிளானர் 1 போன்றவற்றில் ப்ரீஆம்பே கிடையாது; நல்ல டர்ன்டேபிள்தான், செலவுக் கணக்கில் தனி ப்ரீஆம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஊசியும் கையும்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். சூட்கேஸ் வடிவில் விலை குறைவாக வரும் பல ப்ளேயர்களில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். அழுத்தத்தைச் சரிசெய்ய வழி இருக்காது, பல நேரம் 5 கிராமுக்கு மேல் தட்டை அழுத்தும். பார்க்க அழகு, அரிய தட்டை மட்டும் அதில் வைக்காதீர்கள்.

எல்பி60எக்ஸில் எதிர் எடை (கையின் பின்முனையில் திருகி அழுத்தத்தைச் சரிசெய்வது) கிடையாது. தொழிற்சாலையிலேயே அமைத்த அழுத்தம்தான். கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது, ஊசியை மட்டும் மாற்றலாம். பொத்தானை அமுக்கினால் தானே பாடி, முடிந்ததும் தானே திரும்பும். முதல் டர்ன்டேபிளுக்கு இது போதும். எல்பி120எக்ஸில் எதிர் எடை, கை தட்டின் நடுப்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட், மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ் எல்லாம் உண்டு. கையால் எடுத்து வைக்கும் பொறுமை இருந்தால் இதற்குப் போகலாம்.

எதை வாங்கினாலும் மாற்று ஊசி எங்கே கிடைக்கும், என்ன விலை என்று முதலிலேயே விசாரியுங்கள். சாதாரண ஊசி பெரும்பாலும் சில நூறு மணி நேரம்தான்.

படி 4: வேகமும் கரண்டும்

எல்பிக்கு நிமிடத்துக்கு 33⅓ சுற்று, சின்ன ஈபி தட்டுக்குப் பெரும்பாலும் 45. தாத்தா காலத்து அரக்குத் தட்டு இருந்தால் 78 சுற்றும் வேண்டும். வேகம் மட்டும் போதாது. எல்பி ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். 78 தட்டின் பள்ளத்துக்குச் சுமார் 76 மைக்ரான் வேண்டும். எல்பி ஊசியை வைத்தால் பள்ளத்தின் அடியில் உரசி இரையும், ஊசியும் கெடும்.

அமெரிக்காவிலிருந்து பழைய டர்ன்டேபிள் கொண்டுவரச் சொல்கிறீர்களா? ஏசி சின்க்ரோனஸ் மோட்டார் (கரண்டின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றுவது) என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் சரிசெய்யும். அங்கே கரண்டு 60 ஹெர்ட்ஸ்; நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் 33⅓ சுற்றுக்குப் பதில் 28 சுற்றுகூட வராது. பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல இருக்கும்.

படி 5: பூட்டுவது (எதிர் எடை உள்ளவற்றுக்கு)

1. ஆடாத மேசையில் வைத்து, மட்டம் பார்க்கவும். ஸ்பீக்கர் அதே மேசையில் இருக்கக் கூடாது.
2. ஆன்டி-ஸ்கேட்டை 0-வில் வைக்கவும். ஊசியின் மூடியைக் கழற்றவும்.
3. கையின் பூட்டை விடுவித்து, அது மேலும் கீழும் சாயாமல் மிதக்கும்வரை எதிர் எடையைத் திருகவும். ஊசி எதிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
4. எடையை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் 0-வுக்குத் திருப்பவும்.
5. இப்போது எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருப்பி, கார்ட்ரிட்ஜுக்குச் சொன்ன அளவில் நிறுத்தவும். எல்பி120எக்ஸுடன் வரும் விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம். ஆன்டி-ஸ்கேட்டும் 2.

பயந்து 1 கிராமில் ஓட்டுபவர்கள் உண்டு. அழுத்தம் குறைந்தால் ஊசி பள்ளத்துக்குள் துள்ளும், பள்ளத்தின் சுவர் அதனால்தான் கெடுகிறது.

படி 6: இணைப்பது

வால்யூமைக் குறைத்துவிட்டு, சுவிட்சை லைனில் வைத்து (ஆம்பின் ஃபோனோ துளையில் செருகுவதென்றால் ஃபோனோவில்), ஆர்சிஏ கேபிளின் சிவப்பை வலதிலும் வெள்ளையை இடதிலும் செருகவும்.

சரியாக வரவில்லையா?

சத்தம் மெலிந்து, பேஸே இல்லையென்றால் சுவிட்ச் ஃபோனோவில் இருக்கிறது, கேபிள் ஆக்ஸில் இருக்கிறது. காது கிழிய உடைந்து வந்தால் நேர் எதிர்: லைனில் வைத்ததை ஆம்பின் ஃபோனோ துளையில் செருகியிருக்கிறீர்கள், இரண்டு ப்ரீஆம்ப் ஒன்றன்மேல் ஒன்று. சுவிட்சை மாற்றும்போதெல்லாம் வால்யூமைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

'ம்ம்ம்' என்று ஓயாமல் முனகினால் கிரவுண்டு கம்பி மாட்டாமல் இருக்கலாம். அந்தக் கம்பியே இல்லாத மாடல் என்றால் டர்ன்டேபிளையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பாடினால் ஸ்பீக்கர் முனையில் சிவப்பையும் வெள்ளையையும் மாற்றிச் செருகவும். ஊமை மறுபக்கத்துக்குத் தாவினால் கோளாறு டர்ன்டேபிள் அல்லது கேபிள் பக்கம். தாவாவிட்டால் ஸ்பீக்கர் பக்கம்.

78 தட்டு மட்டும் மந்தமாகவோ கீச்சென்றோ கேட்டால் அது பழுதல்ல. 1954-க்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஓர் அளவுமுறை வைத்திருந்தது. ஆம்பின் பேஸ், ட்ரெபிள் குமிழ்களைத் திருகிக் காதுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளுங்கள்.