ரிபப்ளிகன் விமன்ஸ் கிளப்ல சேர்ற நம்ம பொண்ணுங்க திரும்பத் திரும்ப பண்ற தப்புங்க

டெக்சஸ்ல எங்க காலின் கவுண்டி பக்கம், அதாவது ப்ளேனோ, ஃப்ரிஸ்கோ, ஆலன் ஏரியாவுல, ரிபப்ளிகன் கட்சிக்காக வேலை பார்க்குற விமன்ஸ் கிளப் மீட்டிங்குக்கு வர்ற தமிழ்ப் பொண்ணுங்க இப்ப கூடிட்டே போறாங்க. முன்னாடி நான் ஒருத்தி, ஒரு தெலுங்கு அக்கா, ஒரு குஜராத்தி ஆன்ட்டி, அவ்ளோதான். சந்தோஷம்தான். ஆனா புதுசா வர்றவங்க பண்றதைப் பார்த்தா நான் சேர்ந்த புதுசுல அடிச்ச கூத்தேதான் ரிப்பீட் ஆகுது, ஒவ்வொருத்தருக்கும் போன்ல தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரேடியா எழுதிடறேன். லேட்டா வர்றது, ஸ்பீக்கர் பேசும்போது போன் அடிக்கிறது இதெல்லாம் நீங்களே கத்துப்பீங்க, விட்டுடறேன். (அமெரிக்கக் கொடிக்கு ப்ளெட்ஜ், அதாவது உறுதிமொழி, சொல்லி முடிச்சதும் டக்குனு உக்காராதீங்க, டெக்சஸ் கொடிக்கு தனியா ஒண்ணு இருக்கு. அது மட்டும்.)

எந்தக் கட்சி சரின்னு இங்க பேசப் போறதில்ல. டெமாக்ரட் பக்கம் வேலை பார்க்குறவங்களுக்கும் இதுல பாதிக்கு மேல பொருந்தும், தாராளமா எடுத்துக்கோங்க.

போட்டோ எடுக்க மட்டும் வர்றது

மாசம் ஒரு லஞ்ச், ஒரு ஸ்பீக்கர், நல்ல புடவை, கவுண்டி ஜட்ஜ் கூட ஒரு செல்ஃபி. இதுதான் கிளப்புன்னு நிறைய பேர் நினைச்சுக்குறாங்க. இந்த கிளப்புங்களுக்கு மேல ஸ்டேட் ஃபெடரேஷன், அதுக்கும் மேல தேசிய அளவுல 1938ல மேரியன் மார்ட்டின் ஆரம்பிச்ச ஃபெடரேஷன்னு ஒரு பெரிய கட்டமைப்பே இருக்கு, அது இத்தனை வருஷம் நிக்கிறது லஞ்ச் சாப்பிட்டு இல்ல, இலவச உழைப்பாலதான். வீடு வீடா போறது (இங்க ப்ளாக்வாக்கிங்னு சொல்லுவாங்க), போன் பேங்க் (லிஸ்ட் வெச்சு ஓட்டர்களுக்கு போன் பண்றது), கவர்ல ஸ்டாம்ப் ஒட்டுறது, போலிங் அன்னிக்கு கிளர்க்கா உக்கார்றது, லைப்ரரிக்கு புக் வாங்கிக் குடுக்குற மேமி ஐசன்ஹோவர் ப்ராஜெக்ட், எல்லாத்துக்கும் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீங்கன்னு ஷீட்ல எழுதிக் குடுக்கணும், மேல அதை வெச்சுதான் கிளப்புக்கு விருது. எழுபது எண்பது வயசு அம்மாங்க ஆகஸ்ட் வெயில்ல கதவு தட்டிட்டு வந்து ஷீட்ல எழுதுறாங்க, நம்மாளுங்க ஏசில உக்காந்து ஃபேஸ்புக்ல "ஹானர்ட் டு மீட்"னு போடுறாங்க. அவங்க வாய்விட்டு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அடுத்த கமிட்டி போடும்போது உங்க பேர் இருக்காது, அவ்ளோதான்.

நவம்பர்ல வந்து நிக்கிறது

டெக்சஸ்ல ஸ்டேட் முழுக்க நடக்குற எந்தத் தேர்தல்லயும் 1994க்கு அப்புறம் டெமாக்ரட் ஜெயிச்சதே இல்ல. அப்போ நிஜமான சண்டை எங்க? கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற மார்ச் பிரைமரில. ஜட்ஜ், கமிஷனர், கான்ஸ்டபிள்னு பாதி சீட்டு எங்க பக்கம் அங்கயே முடிஞ்சுடும், இழுத்தா மே ரன்ஆஃப், அதாவது முதல் ரெண்டு பேருக்கு நடுவுல மறுபடி ஓட்டு. இங்க கட்சி பேர்ல ரெஜிஸ்டர் பண்றதெல்லாம் கிடையாது, எந்தக் கட்சி பிரைமரில போய் ஓட்டு போடுறீங்களோ அந்த வருஷத்துக்கு அந்தக் கட்சி. அக்டோபர்ல வந்து "அக்கா எனக்கு ஏதாவது வேலை குடுங்க"ன்னு கேட்டா நான் என்னத்தைக் குடுக்குறது, யார்ட் சைன் நட்டு வெக்கச் சொல்றேன்.

அதே பிரைமரில இன்னொரு வம்பு. ஒரே போஸ்ட்டுக்கு நம்ம கட்சிக்காரங்களே மூணு பேர் நிப்பாங்க. எங்க பைலாஸ்படி போட்டி இருக்குற பிரைமரில கிளப் பேர்ல யாரையும் ஆதரிக்கக் கூடாது. தனிப்பட்ட முறைல யாருக்கு வேணா வேலை செய்ங்க, ஆனா கிளப் பேட்ஜ் குத்திக்கிட்டு வேட்பாளர் கூட போட்டோ எடுத்து க்ரூப்ல போடாதீங்க. மத்த ரெண்டு பேரோட ஆளுங்களும் அதே லஞ்ச் டேபிள்லதான் உக்காந்திருக்காங்க.

ஓட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்மை சுண்டல் மாதிரி நீட்டுறது

இதைத்தான் எழுத வந்தேன், மத்ததெல்லாம் ஓரம்.

புதுசா சேர்றவங்க முதல்ல ஆசைப்படுறது விடிஆர் ஆகணும்னு, அதாவது வாலண்டியர் டெபுடி ரெஜிஸ்ட்ரார். கவுண்டில ட்ரெயினிங் முடிச்சா சர்ட்டிஃபிகேட் குடுப்பாங்க, அப்புறம் நீங்களே ஜனங்களோட வோட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம் வாங்கலாம். நல்ல வேலைதான். வாங்கின ஃபார்மை அஞ்சு நாளைக்குள்ள கவுண்டி ஆஃபீஸ்ல சேர்த்துடணும். நீங்க நியமனம் ஆன கவுண்டிக்காரங்க ஃபார்ம்தான் வாங்கலாம், ஃப்ரிஸ்கோ பாதி காலின்ல பாதி டென்டன்ல இருக்குங்குறதை மறந்துட்டு அந்தப் பக்கத்து தெருக்காரங்க ஃபார்மை வாங்குறவங்க தனி லிஸ்ட்.

ஒரு பொங்கல் விழா. ஸ்கூல் கஃபடேரியா வாசல்ல ஒரு பக்கம் புடவை ஸ்டால், இன்னொரு பக்கம் ரியல் எஸ்டேட் ஸ்டால், நடுவுல எங்க மேஜை. புது மெம்பர் ஒரு பொண்ணு, நல்ல சுறுசுறுப்பு, சர்ட்டிஃபிகேட் வாங்கின சூடு ஆறல, அன்னிக்கு எத்தனை ரெஜிஸ்ட்ரேஷன் சேர்த்தோம்னு எண்ணிக்கை காட்டணும்னு வெறி. நான் காபி வாங்கப் போயிட்டு வர்றதுக்குள்ள ஒரு மாமாவை உக்கார வெச்சு ஃபார்ம் ஃபில் பண்ண வெச்சுட்டா. மாமா மதுரைக்காரர், பையன் ஸ்பான்சர் பண்ணி கிரீன் கார்டுல வந்தவர், டெக்சஸ் டிரைவர் லைசன்ஸ் கைல இருக்கு. "லைசன்ஸ் நம்பர் போடுங்க மாமா, இங்க ஒரு டிக், கீழ ஒரு கையெழுத்து, அவ்ளோதான்." அந்த டிக் எதுக்குன்னா, ஃபார்ம்ல மேலயே கேக்குற கேள்விக்கு: நீங்க அமெரிக்க சிட்டிசனா? ஆமா, இல்ல. இல்லன்னா மேற்கொண்டு ஃபில் பண்ணாதீங்கன்னு அங்கயே எழுதியிருக்கு. இவ விரலை "ஆமா" கட்டத்துல வெச்சு காட்டுறா, அவரும் பொண்ணு சொல்லுதேன்னு போட்டுட்டார். ரசீதும் கிழிச்சுக் குடுத்தாச்சு.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேக்குறவங்களுக்கு: சிட்டிசன் இல்லாதவங்க "நான் சிட்டிசன்"னு ஒரு அரசாங்க பேப்பர்ல சொல்றது இமிக்ரேஷன் சட்டத்துல தனி குத்தம், 1996ல கொண்டு வந்த விதி. நாடு கடத்துற அளவுக்குப் போகும், கிரீன் கார்டு இருந்தாலும் போகும், ஓட்டே போடாம இருந்தாலும் போகும். விதிவிலக்கு ரொம்ப ரொம்பக் குறுகலானது. "தெரியாம பண்ணிட்டேன், தப்பா சொல்லிக் குடுத்துட்டாங்க"ன்னு நீங்க சொன்னா மட்டும் தப்பிச்சுட முடியாது. உடனே யாரும் கதவைத் தட்ட மாட்டாங்க, அதான் இதுல கொடுமை. சில வருஷம் கழிச்சு சிட்டிசன்ஷிப்புக்கு என்-400 ஃபார்ம் போடும்போது அதுலயே கேப்பான், எப்பவாவது சிட்டிசன்னு சொல்லியிருக்கீங்களா, எப்பவாவது வோட்டரா ரெஜிஸ்டர் பண்ணியிருக்கீங்களான்னு. இல்லன்னா ஜூரி டியூட்டி சம்மன் வரும், அதுல நான் சிட்டிசன் இல்லன்னு உண்மையை டிக் பண்ணி அனுப்புவாங்க, அந்தத் தகவல் நேரா வோட்டர் ரெஜிஸ்ட்ராருக்குப் போகும்.

சரி, கிழிச்சுப் போட்டுடலாமேன்னு தோணுதுல்ல? அவளும் அதைத்தான் செய்யப் போனா, நான் கையைப் பிடிச்சேன். விடிஆர் கைல முழுசா ஃபில் பண்ணின ஃபார்ம் வந்துட்டா அதைக் கொண்டு போய் சேர்த்தே ஆகணும். இவர் தகுதியானவரா இல்லையான்னு முடிவு பண்ற அதிகாரம் நமக்குக் கிடையாது, ட்ரெயினிங்லயே சொல்றாங்க, யார் கேக்குறா. அதனால மாமாவோட பையனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி, அன்னிக்கே இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட பேசச் சொன்னேன். பையன் முகம் போன போக்கைப் பார்க்க முடியல. வக்கீல் ஃபீஸ், ரெஜிஸ்ட்ரேஷனை ரத்து பண்ணச் சொல்லி லெட்டர், நடந்ததை விவரிச்சு ஒரு அஃபிடவிட். அந்த வீட்டு மருமக இன்னைக்கும் இந்தியன் ஸ்டோர்ல எங்க மெம்பர் யாரைப் பார்த்தாலும் அடுத்த வரிசைக்குத் திரும்பிப் போயிடும். அந்தப் பொண்ணு என்கிட்ட சொன்னது, "நல்லதுன்னு நினைச்சுதானேக்கா செஞ்சேன்". எனக்கு இப்ப நினைச்சாலும் பத்திக்கிட்டு வருது.

ஆகவே முதல்ல கேள்வி, அப்புறம்தான் ஃபார்ம். கேள்வியையும் சரியா கேளுங்க. "இங்க எவ்ளோ வருஷமா இருக்கீங்க", இது வேஸ்ட், எச்1பி வேலை விசால இருபது வருஷம் ஓட்டினவங்க இருக்காங்க. "பேப்பர்ஸ் எல்லாம் இருக்கா", இது அதைவிட மோசம், நம்மாளுங்க கிரீன் கார்டை மனசுல வெச்சுக்கிட்டு பெருமையா இருக்குன்னு சொல்லுவாங்க. "எந்த நாட்டு பாஸ்போர்ட்ல ட்ராவல் பண்றீங்க"ன்னு கேளுங்க. கலரைக் கேக்காதீங்க, ரெண்டும் நீலம்தான். இந்தியா போக விசாவோ ஓசிஐயோ (வெளிநாட்டு சிட்டிசன் ஆன இந்தியருக்குக் குடுக்குற அட்டை) வேணுமான்னு கேட்டா இன்னும் பளிச்சுனு தெரிஞ்சுடும். "இன்டர்வியூ பாஸ் ஆயிட்டேன்"னு சொன்னா ஓத், அதாவது சிட்டிசன் உறுதிமொழி, எடுத்தாச்சான்னு கேளுங்க, ஓத் எடுக்குற வரைக்கும் சிட்டிசன் இல்ல. சந்தேகம்னா ஒரு மைசூர்பாக் குடுத்து அனுப்புங்க, ஃபார்ம் குடுக்காதீங்க. டிக் எங்க போடணும்னு விரலால காட்டவே காட்டாதீங்க, படிச்சுக் காட்டுங்க, தமிழ்ல சொல்லுங்க, டிக் அவங்க கை. எண்ணிக்கை குறைஞ்சா குறையட்டும், ஷீட்ல ஒரு நம்பர்தானே.

யார் காசு?

இதுவும் விசா விவகாரம்தான். சிட்டிசனும் கிரீன் கார்டுகாரங்களும் தேர்தல் நிதி குடுக்கலாம். எச்1பி, எல்1, எஃப்1 மாதிரி தற்காலிக விசால இருக்குறவங்க, எச்4ல வேலை பெர்மிட் இருந்தாலும் சரி, குடுக்கக் கூடாது, ஸ்கூல் போர்ட் தேர்தல்ல இருந்து பிரசிடென்ட் தேர்தல் வரைக்கும் எதுக்கும் கூடாது. ஃபண்ட்ரெய்சர் டின்னர் டிக்கெட்டும் நன்கொடைக் கணக்குதான். "என் காசு, நீ சிட்டிசன், உன் கார்டுல போடு"ன்னு ஃப்ரெண்டுக்கு வென்மோ ஆப்ல பணம் அனுப்புறது அதைவிடப் பெரிய குத்தம், அடுத்தவங்க பேர்ல குடுக்குறதுக்குன்னே தனி சட்டம் இருக்கு. சம்பளம் வாங்காம சும்மா வாலண்டியர் பண்ணலாம், போன் பண்ணலாம், கவர் ஒட்டலாம். ஆனா கிளப் பணம் எந்த வேட்பாளருக்குப் போகணும்னு முடிவு பண்ற இடத்துல அவங்க இருக்கக் கூடாது. எக்செல் நல்லா வரும்னு எச்1பி புருஷனை ட்ரெஷரர் வேலை பார்க்க வெக்கிறது நம்மூர்ப் பொண்ணுங்களோட ஸ்பெஷாலிட்டி. நிறுத்துங்க.

கம்பெனி செக்கும் அதே மாதிரிதான். ஹோட்டல் வெச்சிருக்குறவங்க பாசமா கம்பெனி அக்கவுண்ட்ல இருந்து எழுதிக் குடுப்பாங்க. டெக்சஸ்ல கார்ப்பரேஷன் பணம் வேட்பாளருக்குப் போறது கிரிமினல் கேஸ். சொந்த அக்கவுண்ட்ல இருந்து குடுக்கச் சொல்லுங்க.

ராஃபிள்

வேண்டாம். டெக்சஸ்ல ராஃபிள், அதாவது டிக்கெட் வித்து குலுக்கல், நடத்துற அனுமதி தர்ம காரியம் பண்ற அமைப்புங்களுக்கு. நாம அரசியல் கிளப், அதனால சைலண்ட் ஆக்‌ஷன், அதாவது பேப்பர்ல விலை எழுதுற ஏலம்தான்.

கோயில் மைக், சங்கத்து ஈமெயில் லிஸ்ட்

501 சி 3ங்குற வரிவிலக்குப் பதிவுல இருக்குற எந்த அமைப்பும் வேட்பாளருக்காக பிரச்சாரம் பண்ணக் கூடாதுன்னு 1954ல சட்டத்துல ஏத்தினது லிண்டன் ஜான்சன், நம்ம டெக்சஸ் செனட்டரேதான். தமிழ்ச் சங்கம், கோயில், தமிழ்ப் பள்ளி எல்லாம் பெரும்பாலும் அந்தப் பதிவுதான். "பட்டிமன்றம் முடிஞ்சதும் ரெண்டே நிமிஷம் இவர் பேசட்டும்"னு செயலாளரைக் கெஞ்சாதீங்க, அந்தப் பாவப்பட்ட மனுஷன் வரிவிலக்குக்கு நீங்களா பதில் சொல்லப் போறீங்க? வேட்பாளர் சும்மா வந்து வரிசைல நின்னு சாப்பிட்டுட்டு நாலு பேருக்குக் கை குடுத்துட்டுப் போகட்டும், அது போதும்.

மெயில்பாக்ஸ்

ஸ்டாம்ப் ஒட்டாத நோட்டீஸை அதுக்குள்ள போடக் கூடாது, ஃபெடரல் சட்டம். கதவுல மாட்டுங்க.

100 அடி

போலிங் இடத்து வாசல்ல இருந்து 100 அடிக்குள்ள வேட்பாளர் பேர் போட்ட டி-ஷர்ட், தொப்பி, பட்டன் எதுவும் ஆகாது. ஓட்டு போடும்போது நீங்களே போட்டுட்டுப் போனாலும் ஆகாது. உள்ள செல்ஃபியும் கிடையாது.

தோத்தா கிளம்பிடறது

கிளப்புக்குள்ளயும் எலெக்‌ஷன் உண்டு, ராபர்ட்ஸ் ரூல்ஸ்ங்குற கூட்ட விதிமுறைப்படி நாமினேஷன், ஓட்டு எல்லாம் உண்டு, தோக்கவும் தோப்பீங்க. ஃபிலிஸ் ஷ்லாஃப்ளி 1967ல தேசிய ஃபெடரேஷன் தலைவி போஸ்ட்டுக்கு நின்னு க்ளாடிஸ் ஓடானல்கிட்ட தோத்தாங்க, கோவத்துல வெளிய வந்து தனியா ஒரு நியூஸ்லெட்டர், தனியா ஒரு படைன்னு கட்டி, 1972ல இருந்து ஆண் பெண் சம உரிமைக்கான ஈஆர்ஏ சட்டத்திருத்தத்தையே நிறுத்திக் காட்டினாங்க. இதை எங்கயோ படிச்சுட்டு நம்மாளு ஒருத்தங்க எனக்கு மெசேஜ் அனுப்பினாங்க. ஷ்லாஃப்ளிக்கு அதுக்கு முன்னாடியே நாடு பூரா பேர் தெரியும்மா, லட்சக்கணக்குல புக் வித்திருந்தாங்க. உங்களுக்கு இருக்குறது ஒரு வாட்ஸப் க்ரூப். போன முறை செக்ரட்டரி போஸ்ட்டுக்கு நின்னு தோத்த அன்னிக்கே அதுல இருந்தும் லெஃப்ட் ஆயிட்டாங்க. நாமினேட்டிங் கமிட்டி அடுத்த வருஷம் ப்ரோக்ராம் வைஸ் பிரசிடென்ட்டுக்கு அவங்க பேரைத்தான் எழுதி வெச்சிருந்துச்சு.