மைனஸ் பத்துல ஹோம்ஸ்கூல்: குட்டிப் பசங்களோட வின்டரை ஓட்டுறது எப்படி

டொரான்டோ பக்கம் சின்னப் பசங்களை வீட்டுலயே வச்சு சொல்லித்தரலாமான்னு யோசிக்கிறவங்க கேக்குற முதல் கேள்வியே இதுதான்: வெயில் காலத்துல எங்கயாவது கூட்டிட்டுப் போயிடலாம், இந்தக் குளிர்ல நாலு சுவத்துக்குள்ள ஒரு 4 வயசையும் ஒரு 6 வயசையும் வச்சுக்கிட்டு என்னதான் பண்றது? என்னைக் கேட்டா வின்டர்தான் சுலபமான சீசன். ஆனா வரிசையை மாத்தக்கூடாது, முதல்ல வெளிய, அப்புறம் புக்கு. வெளிய எதைப் பாத்தாங்களோ அதைப் பத்திதான் அன்னிக்கு வாசிப்பு. அதை விட்டுட்டு காலையிலயே ஒர்க்‌ஷீட்டோட உக்கார வச்சீங்கன்னா பத்து மணிக்கெல்லாம் ரெண்டும் சோபா மேல குதிச்சிட்டு இருக்கும், உங்களுக்குத் தலைவலி ஆரம்பிச்சிருக்கும்.

பேப்பர் வேலையை முதல்ல முடிச்சிடலாம். ஒன்டாரியோவுல 6 வயசுலதான் ஸ்கூல் கட்டாயம், அதுக்கு முன்னாடி வர்ற ஜேகே, எஸ்கேன்ற ரெண்டு கிண்டர்கார்டன் வகுப்புக்கும் அனுப்பியே ஆகணும்னு சட்டம் கிடையாது. 6 ஆனப்புறம் வருஷா வருஷம் செப்டம்பர் 1க்குள்ள உங்க ஸ்கூல் போர்டுக்கு ஒரு லெட்டர் போடணும், பிள்ளையோட பேரு, பிறந்த தேதி, அட்ரஸ், போன் நம்பர், வீட்டுல சொல்லித்தரப் போறோம்னு ஒரு வரி, கீழ கையெழுத்து. ஊர்ல இருந்து பாட்டி போன் பண்ணி "ஏன்டி, பிள்ளைய ஸ்கூலுக்கே அனுப்பலையா?"ன்னு கேப்பாங்க பாருங்க, அதுக்கு மட்டும் எந்த லெட்டரும் உதவாது.

ஸ்டெப் 1: உடுப்பு

பாதிப் பேர் கைவிடுறது இந்த இடத்துலதான், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். மூணு அடுக்கு போடணும். உடம்போட ஒட்டி தெர்மல் இல்ல மெல்லிசு கம்பளி, காட்டன் வேண்டாம், ஏன்னா ஓடி ஆடி வேர்த்ததும் காட்டன் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு உடம்பைச் சில்லுன்னு ஆக்கிடும். அதுக்கு மேல ஃப்ளீஸ். கடைசியா ஸ்னோ பேன்ட்டும் ஜாக்கெட்டும். க்ளவுஸை விட மிட்டன்ஸ் நல்லது, விரல் எல்லாம் ஒண்ணா ஒட்டி இருந்தா சூடு நிக்கும், ஒரு ஜோடி நனைஞ்சிடும்னு வச்சுக்கிட்டு ரெண்டாவது ஜோடி பையில இருக்கட்டும். நீளமான ஸ்கார்ஃப் எங்கயாவது மாட்டி கழுத்தை இறுக்கும், நெக் வார்மர் போடுங்க.

போடுற வரிசை: பாத்ரூம் (இதை மறந்தா மறுபடி முதல்ல இருந்து!), ஸ்னோ பேன்ட், பூட்ஸ், ஜாக்கெட், நெக் வார்மர், தொப்பி, கடைசியா மிட்டன்ஸ். 4 வயசுக்கு இதுவே ஒரு பாடம்தான், அவசரப்பட்டு நீங்க மாட்டி விடாதீங்க, கால் மணி நேரம் ஆனாலும் அவங்களே போடட்டும். கார்ல போறதா இருந்தா அந்தப் பொம்முன்னு இருக்குற ஜாக்கெட்டோட கார் சீட் பெல்ட் போடக்கூடாது, பெல்ட் இறுக்கமா இருக்குற மாதிரி தெரியும், ஆனா உள்ள லூசா இருக்கும். கழட்டிட்டு பெல்ட்டைப் போட்டு, அப்புறம் ஜாக்கெட்டை மேல போர்த்தி விடுங்க.

எவ்வளவு குளிர் வரைக்கும் போகலாம்? கனடா குழந்தை டாக்டர்கள் சங்கம் சொல்ற அளவு மைனஸ் 25 டிகிரி, இல்ல விண்ட் சில் (காத்தோட சேர்ந்து உடம்புக்கு உறைக்கிற குளிர்) மைனஸ் 28. அதைத் தாண்டினா வீட்டுக்குள்ளயே இருந்துக்கலாம். அதுக்கு முன்னாடியும் கன்னம், மூக்கு, காது மேல ஒரு கண்ணு இருக்கணும், தோல் வெளுத்து மரத்துப் போன மாதிரி இருந்தா உடனே உள்ள கூட்டிட்டு வாங்க. தேய்க்காதீங்க, உங்க கைச்சூட்டை அது மேல வச்சாலே போதும்.

ஸ்டெப் 2: வாசல்லயே லேப்

முதல் வாரம் எங்கயும் போக வேண்டாம், வாசல், பால்கனி, பின்பக்கம் எது இருக்கோ அது. ஒரு கறுப்பு சார்ட் பேப்பரை அரை மணி நேரம் வெளியவே வச்சு நல்லா குளிர வைங்க, ஸ்னோ விழும்போது அதுல பிடிச்சு லென்ஸ்ல பாக்கச் சொல்லுங்க. எத்தனை கை இருக்குன்னு எண்ணட்டும், ஆறு வரும். தண்ணி உறையும்போது அதோட மூலக்கூறு எல்லாம் அறுகோணமா அடுக்கிக்கும், அதனாலதான் ஆறுன்னு பெரியவனுக்குச் சொல்லலாம், சின்னவளுக்கு எண்ணினாலே போதும். மைனஸ் 15 சுத்தி இருந்தா அழகான நட்சத்திரம் கிடைக்கும், மைனஸ் 5 பக்கம் வெறும் ஊசி மாதிரி விழும், அன்னிக்கு ஏமாந்துடாதீங்க. அமெரிக்காவுல வெர்மான்ட்ல வில்சன் பென்ட்லின்னு ஒரு விவசாயி 1885ல மைக்ராஸ்கோப்போட கேமராவை இணைச்சு இதைப் படம் பிடிச்சாரு, வாழ்நாள்ல 5000க்கு மேல எடுத்தாரு. அந்தப் படங்களைத் தேடிக் காட்டுங்க, அப்புறம் பசங்க பேப்பரை கீழ வைக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, ஒரு டம்ளர் நிறைய ஸ்னோவை அள்ளிட்டு வந்து, உருகினா எது வரைக்கும் தண்ணி நிக்கும்னு ஆளுக்கொரு கோடு போடச் சொல்லுங்க. புது ஸ்னோவா இருந்தா கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்குதான் தேறும், மீதி எல்லாம் காத்து. உருகுற நேரத்துல கதை வாசிச்சிடலாம். ரோட்டுல எதுக்கு உப்பு போடுறாங்கன்னு கேட்டா ரெண்டு தட்டுல ஐஸ் வச்சு ஒண்ணுல மட்டும் கல்லுப்பு தூவ விடுங்க, பதில் நீங்க சொல்ல வேண்டியதே இல்ல.

ஸ்டெப் 3: காலடித் தடம்

ஸ்கார்பரோ பக்கம் இருந்தா ரூஜ் நேஷனல் அர்பன் பார்க்தான் என் சாய்ஸ், 2015ல ஆரம்பிச்சது, உள்ள போகக் காசு கிடையாது, டொரான்டோ ஜூ பக்கத்துலயே விஸ்டா டிரெயில்னு ஒரு நடைபாதை இருக்கு. புது ஸ்னோ விழுந்த மறுநாள் காலையில போங்க, அப்பதான் தடம் தெளிவா இருக்கும். முயல் தடத்துல பெரிய பின்னங்கால் முன்னாடியும் சின்ன முன்னங்கால் பின்னாடியும் விழுந்திருக்கும், பசங்க இது தலைகீழா இருக்கேம்பாங்க, அது குதிக்கிற விதம் அப்படி. அணிலும் அப்படித்தான் குதிக்கும், ஆனா அதோட முன்னங்கால் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல பதியும், முயலுக்கு ஒண்ணு பின்னாடி ஒண்ணா இருக்கும். இதைக் கண்டுபிடிக்க 6 வயசுக்குத் தாராளமா வரும். ஒரு ஸ்கேலை பக்கத்துல வச்சு போட்டோ எடுத்துக்கோங்க, வீட்டுக்கு வந்து வரையலாம். முக்கால் மணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க, ஃப்ளாஸ்க்ல சூடா ஹார்லிக்ஸ் கட்டாயம். ஆறு, குளம் உறைஞ்சு கெட்டியாத் தெரிஞ்சாலும் மேல கால் வைக்க விடாதீங்க, ஓடுற தண்ணி மேல இருக்குற ஐஸை நம்பவே கூடாது.

ஸ்டெப் 4: அதே நாள் லைப்ரரி

டொரான்டோ பப்ளிக் லைப்ரரி கார்டு ஒண்ணுல 50 ஐட்டம் வரைக்கும் எடுக்கலாம், லேட் ஃபைன் கிடையாது. மால்வர்ன், சீடர்ப்ரே மாதிரி கிளைகள்ல தமிழ்ப் புத்தகமும் இருக்கு. ஆனா தமிழ்ப் படக்கதையில மாமரமும் காக்காவும் வரும், ஸ்னோ எங்க வரும்? அதுக்கு வழி, வார்த்தையே இல்லாத படப் புத்தகம். லைப்ரரியன்கிட்ட கேட்டா எடுத்துத் தருவாங்க, படத்தைப் பாத்து தமிழ்ல கதையை நீங்களே விடலாம், ரெண்டாவது தடவை பிள்ளையே சொல்லும். முயல் தடம் பாத்த அன்னிக்கு முயல் புத்தகம், ஆந்தைச் சத்தம் கேட்டா ஆந்தைப் புத்தகம், முன்கூட்டியே லிஸ்ட் போட்டு வச்சுக்காதீங்க.

ஸ்டெப் 5: ஜன்னல் ஓரப் பறவை

மைனஸ் 28 நாளுக்கு இது. ஒரு ஃபீடர், கறுப்புச் சூரியகாந்தி விதை. ஜன்னல்ல இருந்து ஒரு மீட்டருக்குள்ள மாட்டுங்க, தள்ளி வச்சா வேகமா வந்து கண்ணாடியில மோதிடும். சிக்கடீ, சிவப்பு கார்டினல், ப்ளூ ஜே வரும், அணிலும் வரும், அதோட மல்லுக்கட்டிப் பிரயோஜனம் இல்ல. சிக்கடீ ராத்திரியில தன் உடம்புச் சூட்டைப் பல டிகிரி குறைச்சுக்கிட்டுக் குளிரைத் தாக்குப் பிடிக்கும், இதைச் சொன்னா படுக்கப் போறப்போ "நானும் சிக்கடீ"ன்னு போர்வைக்குள்ள சுருண்டுக்கும் சின்னது. பிப்ரவரில 4 நாள் கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட்னு பொதுமக்களே பறவைகளை எண்ணி அனுப்புற கணக்கெடுப்பு நடக்கும், 15 நிமிஷம் எண்ணி அனுப்பினாலே போதும், எண்ணிக்கைப் பாடம் அதுலயே முடிஞ்சிடும். ரூஜ் பார்க்குல மட்டும் எதுக்கும் தீனி போடாதீங்க, அனுமதி இல்ல.

ஸ்டெப் 6: பொங்கலும் தரையில டேப்பும்

தெற்கு ஜன்னல் இருந்தா டிசம்பர் 21 வாக்குல, சரியா மதியம் 12க்கு, வெயில் அறைக்குள்ள எது வரைக்கும் விழுதோ அங்க ஒரு டேப் ஒட்டுங்க. அன்னிக்கு இங்க பகல் 9 மணி நேரம்கூட முழுசா இருக்காது, சூரியன் தாழ்வா நிக்குறதால வெளிச்சம் ரொம்ப உள்ள வரும். வாரம் ஒரு தடவை புது டேப், கோடு கொஞ்சம் கொஞ்சமா ஜன்னலை நோக்கிப் போகும். பொங்கல் அன்னிக்கு சூரியன் வடக்கே திரும்பிடுச்சுன்னு சும்மா வாயால சொல்றதை விட, தரையில இருக்குற அந்த நாலு டேப்பைக் காட்டிட்டு பானையை அடுப்புல ஏத்துங்க. வீட்டுல ஸ்மோக் அலாரம் இருக்கு, விறகு ஆசை எல்லாம் வேண்டாம்.

மார்ச்: மேப்பிள்

ராத்திரி மைனஸ், பகல்ல ப்ளஸ்னு வர ஆரம்பிச்சதும் மேப்பிள் மரத்துல சாறு ஓடும். டொரான்டோவுக்கு வடக்கே இருக்குற ப்ரூஸஸ் மில், கோர்ட்ரைட்ங்கிற ரெண்டு இயற்கைப் பூங்காவுலயும் அந்த சீசன்ல விழா நடத்துவாங்க, மரத்துல வாளி தொங்குறதுல இருந்து பாகு காய்ச்சுற வரைக்கும் பாக்கலாம். 40 லிட்டர் சாறு காய்ச்சினா 1 லிட்டர் சிரப். வீட்டுக்கு வந்து 40 ஸ்பூன் தண்ணிய ஒரு கிண்ணத்துல எண்ணி ஊத்தச் சொல்லி, பக்கத்துல ஒரே ஒரு ஸ்பூன் சிரப் வைங்க, விலை ஏன் அப்படி இருக்குன்னு உங்களுக்கும் சேத்துப் புரியும். அந்த வாரமே கடையில ஸ்னோ பேன்ட் எல்லாம் க்ளியரன்ஸ்ல போட ஆரம்பிச்சிருப்பாங்க, ஒரு சைஸ் பெருசா எடுத்து வச்சிடுங்க.