ஒரு கதிரை, ஒரு யன்னல்: வீட்டிலேயே மர்மக் குறும்படம் எடுக்கும் முறை

மர்மப்பட இயக்குநர் ஹிட்ச்கொக்கின் 'ரியர் விண்டோ' படம் 1954இல் வந்தது. கால் முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கும் புகைப்படக்காரர் ஒருவர், எதிர்வீட்டுக்காரன் மனைவியைக் கொன்றிருப்பானோ என்று யன்னலால் பார்த்துச் சந்தேகப்படுகிறார். கமரா அநேகமாக அவர் அறையை விட்டு வெளியே போவதே இல்லை. இதே முறையில் யாழ்ப்பாணத்து வீடொன்றில் நீங்களும் ஐந்து நிமிடப் படம் எடுக்கலாம். கைபேசி போதும்.

முதலில் இடத்தைப் பிடியுங்கள். விறாந்தையில் கதிரையைப் போட்டு ஒரு மணித்தியாலம் சும்மா இருந்து பாருங்கள். பக்கத்து வளவுக் கிணறு தெரிகிறதா? வேலி எதை மறைக்கிறது? கிடுகு வேலி ஓட்டையால் பாதி தெரிகிற ஆள்தான் பயத்தைத் தருவான். (பக்கத்து வீட்டாரிடம் முதலே கேட்டுவிடுங்கள்.)

அடுத்தது கதை. முழங்கால் நோவால் எழும்ப முடியாத அம்மம்மா சாய்மனைக் கதிரையில் இருக்கிறார். பக்கத்து வீட்டார் கொழும்புக்குப் போய்விட்டார்கள். ஆனால் கிணற்றடி வாளி நனைந்திருக்கிறது. இவ்வளவும் போதும்.

இனிப் படப்பிடிப்பு. அம்மம்மா பார்க்கிறார், அவர் காணும் வாளி, திரும்பவும் அவர் முகம். முழுப்படமும் இந்த மூன்றின் மேல்தான் நிற்கும். வாளியைப் படம் எடுக்கும்போது அவரை எழுப்பிவிட்டு, அவர் தலை இருந்த உயரத்தில் கைபேசியை வையுங்கள். நின்றுகொண்டு எடுத்தால் அது அவருடைய பார்வையாக இருக்காது. முகத்தை எடுக்கும்போது பயந்து நடிக்கச் சொல்லாதீர்கள், பேசாமல் பார்க்கட்டும். வாளியைக் கண்டவர்கள் பயத்தைத் தாங்களே அந்த முகத்தில் காண்பார்கள். ஐந்து செக்கனாவது வெட்டாமல் விடுங்கள்.

வெளிச்சத்துக்கு மாலை ஐந்து மணிக்குப் பிறகு நல்லது. உச்சி வெயிலில் வெளியே வெள்ளையாகவும் உள்ளே இருட்டாகவும் போய்விடும்.

பின்னணி இசை வேண்டாம். ஹிட்ச்கொக்கும் பெரும்பாலும் அயல்வீட்டுப் பியானோ, வானொலி, தெருச் சத்தம் என்றுதான் வைத்தார். நமக்குப் பனை ஓலை உரசல், கோயில் மணி, தூரத்துப் பாண் ஓட்டோவின் பாட்டு இருக்கின்றன. கைபேசியைக் கிட்ட வைத்து ஒவ்வொன்றாகத் தனியே பதியுங்கள். எல்லாம் அடங்கிய பிறகு, ஆளில்லாத அந்த வளவில் கிணற்றுக் கப்பி ஒருமுறை கிறீச்சிடட்டும்.

அப்புறம் கடைசி ஷொட். அம்மம்மா வேலியையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் முதுகுப் பக்கம், சொந்த வீட்டுப் படலையின் கொளுக்கி கழரும் சத்தம். அவர் திரும்பத் தொடங்கும்போதே வெட்டிவிடுங்கள்.