தேர்வு முடிவு நிறுத்திவைப்பு: மாணவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

முடிவுப் பட்டியலில் பதிவு எண்ணுக்கு நேரே ‘வித்ஹெல்டு’ (முடிவு நிறுத்திவைப்பு) என்று வந்தால், பெரும்பாலானோர் நேரில் போய்க் கேட்கத்தான் கிளம்புகிறார்கள். கல்லூரி பல்கலைக்கழகத்தைக் கைகாட்டும். பல்கலைக்கழகமோ “கல்லூரியிலிருந்து கடிதம் வரட்டும்” என்று திருப்பி அனுப்பும். இப்படி அலைந்தே ஒரு செமஸ்டர் ஓடிவிடும். கடைசியில் வழக்கறிஞரிடம் போனால், “எழுத்தில் என்ன இருக்கிறது?” என்று கேட்பார். கையில் ஒரு தாளும் இருக்காது.

வாய்வார்த்தையை நம்பி நாளைக் கடத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. முதல் வாரத்திலேயே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒரு மனு கொடுத்துவிடுங்கள். பெயர், பதிவு எண், பாடக் குறியீடு, தேர்வு நடந்த மாதம் எல்லாம் அதில் இருக்கட்டும். எந்த விதியின்படி நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். மேற்படிப்பிலோ வேலையிலோ எந்தத் தேதிக்குள் சேர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். நகலில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். மறுத்தால் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட் அனுப்புங்கள். ‘முடிவை வெளியிட உத்தரவிடுங்கள்’ என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் (அதிகாரிக்கு உத்தரவிடக் கோரும் மனு) போடும்போது, அதிகாரியிடம் முதலில் கேட்டோம், அவர் செய்யவில்லை என்று காட்ட வேண்டியிருக்கும். அதற்கு அந்த முத்திரைதான் சாட்சி.

வருகைப்பதிவு குறைவு என்று பதில் வந்தால் உடனே ஒத்துக்கொள்வது அடுத்த தவறு. குருக்ஷேத்திரப் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரு சட்ட மாணவர் தொடுத்த வழக்கில் 1975-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்றும் மாணவர்களுக்குப் பெரிய துணை. விண்ணப்பத்தைச் சரிபார்க்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் கடமை. மாணவர் எதையும் மறைக்காதபோது, தேர்வு எழுதவிட்ட பிறகு வருகை குறைவு என்று அனுமதியை ரத்து செய்ய முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. பொய்ச் சான்றிதழ் கொடுத்தவருக்கு இந்தத் தீர்ப்பு கைகொடுக்காது. ‘வருகை குறைந்தால் முடிவு வராது என்று அறிவேன்’ என்று ஹால் டிக்கெட் வாங்கும்போது எழுதிக் கொடுத்தவருக்கும், நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு வாங்கித் தேர்வு எழுதியவருக்கும் நிலைமை வேறு. இடைக்கால உத்தரவு தேர்வறைக்குள் நுழையத்தான் வழிவிடும். முடிவு, பிரதான வழக்கைப் பொறுத்தது.

காப்பி அடித்ததாகச் சந்தேகம் வந்தால் நடப்பது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. தேர்வறையிலேயே ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, “தவறு செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்று எழுதிக் கொடு, விட்டுவிடுகிறோம்” என்பார்கள். பயந்துபோன பிள்ளை எழுதிக் கொடுத்துவிடும். அப்புறம் விசாரணைக் குழுவின் மேஜையில் அதுதான் ஒப்புதல் வாக்குமூலமாக இருக்கும். நடந்ததை மட்டும் எழுதுங்கள்: என்ன தாள், எங்கே கிடந்தது, யார் எடுத்தார். விளக்கம் கேட்காமல் தண்டித்தால் அது நிற்காது. உத்தரப் பிரதேச இடைநிலைக் கல்வி வாரிய வழக்கில் 1962-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஒரு மையமே மொத்தமாகக் காப்பி அடித்த விவகாரத்தில் மட்டும், ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்கத் தேவையில்லை என்று 1970-ல் பீகார் வழக்கில் தீர்ப்பு வந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். போகாமல் இருந்துவிட்டு ‘என்னைக் கேட்கவில்லை’ என்று வாதாட முடியாது.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள். பீகாரில் ஒரே பதிவு எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்து, ஒரு மாணவனின் முடிவே வராமல் போனது. தவறு முழுக்கத் தேர்வு வாரியத்துடையது. ஆனாலும் தேர்வு நடத்துவது வாடிக்கையாளருக்கான சேவை அல்ல என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை ரத்து செய்தது. அந்தக் குடும்பத்துக்கு எத்தனை ஆண்டு வீண்!

சரி, எங்கே போவது? 2023-ல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகளின்படி மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் புகார் கொடுக்கலாம். 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அதற்கு மேல் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அவகாசம் இல்லையென்றால் நேராக உயர் நீதிமன்றம்தான். சேர்க்கைக் கடிதத்தை மனுவோடு இணைத்துவிடுங்கள். ‘தனியார் ஆயிற்றே, ரிட் செல்லாது’ என்று ஒதுங்கிவிட வேண்டாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் மீதும் ரிட் போடலாம் என்று எஸ்.ஆர்.எம். தொடர்பான வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கவும் மறக்காதீர்கள். அந்த உரிமை உண்டு என்று 2011-ல் சி.பி.எஸ்.இ. வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் விடைத்தாளைப் பாதுகாத்து வைக்கும் காலம் வரைதான் அது செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் தாள் அழிக்கப்பட்டிருக்கும். மனு கொடுக்கும் அதே வாரத்தில் இதையும் அனுப்பிவிடுங்கள், உங்கள் விடைத்தாளை அழிக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்து.