லிஃப்ட் பம்ப் வாங்கும் முன் பிரஷர் கேஜ் மாட்டுங்கள்

டென்வர் பக்கம் இருக்கும் எங்கள் பட்டறைக்கு, குதிரைத்திறன் ஏற்றிய டீசல் பிக்கப்போடு வந்து "எந்த லிஃப்ட் பம்ப் போடலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். மேட்டில் ஆக்சிலரேட்டரை முழு மிதி மிதிக்கும்போது, இன்ஜெக்‌ஷன் பம்பின் வாசலில் எத்தனை பி.எஸ்.ஐ. (பிரஷர் அளவு) நிற்கிறது? பலரிடம் பதில் இருக்காது. பம்ப் பெட்டியில் மணிக்கு 150, 165, 240 கேலன் என்று போட்டிருக்கும் எண்ணை வைத்தே முடிவெடுக்கப் பார்ப்பார்கள். அந்த எண்ணெல்லாம் அப்புறம். முதலில் கேஜ்.

லிஃப்ட் பம்ப் டேங்கிலிருந்து டீசலைக் கொண்டுவந்து, அதை இன்ஜினுக்குள் செலுத்தும் இன்ஜெக்டர்களுக்கோ அவற்றுக்கு முன்னால் இருக்கும் பம்புக்கோ கொடுக்கிறது, அவ்வளவுதான். யாருக்குக் கொடுக்கிறது என்பதைப் பொறுத்துத் தேவை மாறும்.

1998 நடுவிலிருந்து 2002 வரை வந்த டாட்ஜ் ராமின் 24 வால்வ் கம்மின்ஸ் 5.9 வைத்திருந்தால், அதில் இருக்கும் இன்ஜெக்ஷன் பம்ப் போஷ் வி.பி.44. அந்தப் பம்புக்கு மசகு எண்ணெயும் டீசல்தான், குளிர்ச்சியும் டீசல்தான். வாசலில் சுமார் 14 பி.எஸ்.ஐ. வந்தால் ஓவர்ஃப்ளோ வால்வ் திறந்து, மிச்ச டீசல் பம்பின் சூட்டை வாங்கிக்கொண்டு டேங்குக்குத் திரும்பும். பிரஷர் குறைந்தால் அந்த ஓட்டம் நின்றுபோகும். இன்ஜின் பிளாக்கிலேயே மாட்டி வந்த பழைய லிஃப்ட் பம்ப் சத்தமில்லாமல் செத்துப்போகும். வண்டியும் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் வண்டியின் கம்ப்யூட்டரில் பி0216 என்ற பழுதுக் குறியீடு வரும்போது விலையுயர்ந்த வி.பி.44 போயிருக்கும். இந்த வண்டிக்கு நான் வைத்திருக்கும் எல்லை: ஐடிலில் (மிதிக்காமல் நிற்கும்போது) 15, முழு மிதியில் 10. அதற்குக் கீழே இறங்கினால் ஓட்டாதீர்கள்.

அதற்கு முந்தைய 12 வால்வ் வண்டியின் பி.7100 பம்ப் இன்னும் அதிகம் கேட்கும். பவர் ஏற்றியவர்கள் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் வைப்பார்கள். ஃபோர்டு 6.0 பவர் ஸ்ட்ரோக்கில் 45-க்குக் கீழே போக விடக் கூடாது, இன்ஜெக்டர்கள் அடிபடும்.

செவ்ரோலே, ஜி.எம்.சி. பிக்கப்புகளில் வரும் டியூராமேக்ஸ் இன்ஜின் கதை வேறு. 2001 எல்.பி.7 முதல் 2016 எல்.எம்.எல் வரை கம்பெனியிலிருந்து லிஃப்ட் பம்பே கிடையாது. ஹை பிரஷர் பம்பே டேங்கிலிருந்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும். உறிஞ்சும் லைனில் எங்கே லேசாக இளகியிருந்தாலும் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சந்தேகம் இருந்தால் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு துண்டு தெளிவான ஹோஸைப் போட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். டீசலோடு நுரைநுரையாகக் குமிழி ஓடுவதை டார்ச் வெளிச்சத்தில் பார்க்கலாம். இந்த வண்டிகளுக்கு 8 முதல் 12 பி.எஸ்.ஐ. போதும். பிரஷரைக் கூட்டிக்கொண்டே போனாலும் பவர் ஏறாது.

இப்போது பெட்டியில் உள்ள எண்ணுக்கு வருவோம். இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.4 பவுண்டு டீசல் எரிக்கும் என்று வையுங்கள். 700 குதிரைத்திறனுக்கு 280 பவுண்டு. ஒரு கேலன் டீசல் ஏறக்குறைய 7 பவுண்டு, ஆக மணிக்கு 40 கேலன். அப்படியானால் 150 கேலன் பம்ப் எதற்கு? எரிவது மட்டும் கணக்கல்ல. இன்ஜெக்டர் ரிட்டர்ன், பம்பின் உள்குளிர்ச்சி எல்லாவற்றுக்கும் தனியாகப் போக வேண்டும். பெட்டியில் இருப்பது பெரும்பாலும் தடையில்லாமல் ஓடும்போது எடுத்த அளவு. ஃபில்டர், வளைவு, நீள லைன் எல்லாம் தாண்டி வரும்போது அது கணிசமாகக் குறையும்.

என் அனுபவக் கணக்கு இது. 500 குதிரைத்திறன் வரை 100 கேலன் வகை தாராளம். 600 முதல் 800 வரை 150 அல்லது 165. இரட்டை சி.பி.3 (ஹை பிரஷர் பம்ப்) போட்டு ஆயிரத்தைத் தாண்டுபவர்கள் 200-க்கு மேல் போகட்டும். ஃபாஸ், ஏர்டாக் என்ற இரண்டு பிராண்டு பம்புகளிலும் காற்றையும் தண்ணீரையும் பிரித்து, காற்றை டேங்குக்கே திருப்பி அனுப்பும் அமைப்பு உண்டு. இரண்டில் எது என்பதைவிட, அதன் ஃபில்டர் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய பம்பை வாங்கிவிட்டுப் பழைய லைனையே விட்டுவைப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். 24 வால்வில் டீசல் லைனை இணைக்கும் உள்ளீடற்ற கம்பெனி பேஞ்சோ போல்ட்டைக் கழற்றி, அதன் துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அத்தனை டீசலும் அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் போயாக வேண்டும். அதை மாற்றி அரை இன்ச் லைன் போட்டாலே கேஜ் முள் ஏறுவது தெரியும். டேங்கில் டிரா ஸ்ட்ரா (டீசலை உறிஞ்சி எடுக்கும் குழாய்) போட்டால் அதன் நுனிக்கும் அடித்தளத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து வெட்டுங்கள். தப்பினால் கால் டேங்குக்குக் கீழே வளைவில் திரும்பும்போதெல்லாம் காற்று இழுக்கும். டேங்கின் அடியில் மாட்டும் கிண்ணம் போன்ற சம்ப் போட்டால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் டேங்கில் துளை போட வேண்டும், கல்லடியும் அது வாங்கும்.

ஒயரிங்கில் ஒன்றே ஒன்று: கம்பெனி லிஃப்ட் பம்ப் ஒயர் ரிலே என்ற மின் சுவிட்சை இயக்க மட்டும்தான். புதுப் பம்புக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேராகக் கரண்ட் கொடுங்கள். பம்பைக் கம்பெனி ஒயரிலேயே இணைத்தால் இ.சி.எம். (இன்ஜின் கம்ப்யூட்டர்) எரியலாம்.

மாட்டி முடித்ததும் சாவியைப் போட்டுப் போட்டு எடுத்து லைனை நிரப்பி, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் டிரெய்லரை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏற்றுங்கள். நாங்கள் ஐ-70-இல் ஐசன்ஹவர் சுரங்கப்பாதைக்குப் போவோம். 11,000 அடிக்கு மேலே இருக்கிற அந்த ஏற்றத்தில் நீண்ட நேரம் முழு மிதி கொடுக்க முடியும். முள் ஐடிலில் நின்ற இடத்திலிருந்து இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. இறங்கி அங்கேயே நின்றால் பம்ப் சரி. ஏறஏற இறங்கிக்கொண்டே போனால், பம்பை மாற்றும் முன் ஃபில்டரையும் டேங்கிலிருந்து வரும் லைனையும் பாருங்கள். அன்று வந்த இரண்டு எண்களையும் கதவின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். பின்னால் அதே மேட்டில் அந்த எண் இறங்கினால் ஃபில்டர் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மாற்று ஃபில்டர் ஒரு செட்டும் அதற்குரிய ரெஞ்சும் சீட்டுக்குப் பின்னால் எப்போதும் இருக்கட்டும்.