பெரிய ஆலை வரும் மாவட்டத்தில் சிறு பட்டறை தொடங்குவது எப்படி?

தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் மின்கார் ஆலையைத் திறந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா ஸ்கூட்டர் தயாராகிறது. விவசாய மாவட்டம் என்றே பேர்பெற்ற பெரம்பலூரில் காலணித் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. இப்படி ஓர் ஆலை வருகிறது என்றதும் அக்கம்பக்கத்து இளைஞர்கள் பலர் முதலில் விசாரிப்பது, "எந்தத் திட்டத்தில் எவ்வளவு மானியம்?" என்பதைத்தான். மானியத்தை நம்பி மெஷின் இறக்கி, வேலை கிடைக்காமல் பூட்டிய ஷெட்டுகள் நம் ஊர்களில் ஏராளம். அதனால் இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன்: முதலில் வாங்குபவர், அடுத்து கணக்கு, அதற்குப் பிறகு கடன். உலோக வேலை செய்யும் ஒரு சின்னப் பட்டறையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: உங்களிடம் வாங்கப்போவது யார்?

கார் கம்பெனி புதுப் பட்டறையிடம் நேரடியாக வாங்காது. அது முதல் அடுக்கு சப்ளையரிடம் வாங்கும். அவர் இரண்டாம் அடுக்கிடம் வாங்குவார். அந்த இரண்டாம் அடுக்குக்காரர்தான் கை நிறைய ஆர்டரோடு ஜாப் ஒர்க்குக்கு, அதாவது அவர் கொடுக்கும் டிராயிங்படி கூலிக்குச் செய்து தருவதற்கு, ஆள் தேடிக்கொண்டிருப்பார். நீங்கள் தட்ட வேண்டிய கதவு அவருடையது. ஓசூரில் ஹோஸ்டியா, அம்பத்தூரில் ஐயிமா, கோவையில் கொடிசியா ஆகிய தொழில்முனைவோர் சங்கங்களில் இத்தகைய தொடர்புகள் கிடைக்கும். ஐயிமா நடத்தும் 'ஆக்மி', கொடிசியா நடத்தும் 'இன்டெக்' கண்காட்சிகளுக்கு மெஷின் பார்க்கத்தான் பலரும் போகிறார்கள். அங்கே வரும் பட்டறைக்காரர்களிடம் "எந்த வேலையை வெளியே கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

வாகனத் துறைக்குள் போவதாக இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு. நீங்கள் செய்யப்போகும் பாகம் வண்டியில் எங்கே உட்காருகிறது? மின்வண்டியில் என்ஜின், சைலன்சர், பெட்ரோல் டேங்க் எதுவும் கிடையாது. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், சீட் ஃபிரேம் எந்த வண்டியிலும் இருக்கும். பத்தாண்டுக் கடன் வாங்கி மெஷின் போடுகிறவர், பிஸ்டன் சார்ந்த ஒரே பாகத்தை மட்டும் நம்பி இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

உலோகம்தான் என்றும் கட்டாயமில்லை. அட்டைப்பெட்டி, மரப் பேலட், கட்டிங் டூல் ரீகிரைண்டிங் (மழுங்கிய வெட்டு முனையைத் தீட்டித் தருவது), பவுடர் கோட்டிங் (பொடிப் பூச்சு) எல்லாம் பெரிய ஆலையைச் சுற்றி நாள்தோறும் தேவைப்படுகிற வேலைகள்.

படி 2: மணிக்கணக்கு ரேட் போடுங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படும் படி இது. கையில் ஒரு டிராயிங் வந்ததும் "பக்கத்துப் பட்டறையில் முப்பது ரூபாய், நாம் இருபத்தெட்டு" என்று கொட்டேஷன் கொடுப்பவர்கள் நிறைய. அந்த இருபத்தெட்டில் நஷ்டம் இருக்கிறதா என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு மெஷின் ஒரு மணி நேரம் ஓட எவ்வளவு செலவாகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

கணக்கு புரிவதற்காக மட்டும் எண்களை வைத்துக்கொள்வோம். சிஎன்சி லேத் (கணினி கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் மெஷின்) விலை 18 லட்சம். பத்து வருடம் ஓடும் என்றால் தேய்மானம் மாதம் 15,000. ஆண்டு வட்டி 10 சதவீதம் என்றால் முதல் வருடம் மாதம் 15,000. இரண்டு ஷிஃப்டுக்கு இரண்டு ஆபரேட்டர்கள், 40,000. ஷெட் வாடகை 15,000. கரண்ட் பில் 15,000. இன்செர்ட் (மாற்றிப்போடும் வெட்டு முனை), கூலண்ட் (சூடு தணிக்கும் திரவம்), பராமரிப்பு 15,000. உங்கள் சம்பளம் 25,000. இதை விட்டுவிடாதீர்கள், முதலாளியின் உழைப்பும் செலவுதான். மொத்தம் மாதம் 1,40,000 ரூபாய்.

மாதம் 25 நாள், நாளுக்கு 16 மணி நேரம் என்றால் 400 மணி. ஆனால் அடுத்த பாகத்துக்காக மெஷினின் செட்டிங் மாற்றுவது, ஆள் வராதது, மெட்டீரியல் தாமதம் எல்லாம் போக 70 சதவீதம்தான் மெஷின் உண்மையில் பாகம் வெட்டும் என்று வைத்தால் 280 மணி. 1,40,000-ஐ 280-ஆல் வகுத்தால் மணிக்கு 500 ரூபாய். ஒரு பாகத்துக்கு மூன்று நிமிடம் ஆனால் மணிக்கு இருபது பாகம். அடக்க விலை 25 ரூபாய். இதன்மேல்தான் ரிஜெக்ஷனுக்கும் (தரமில்லை என்று திரும்பும் பாகங்களுக்கும்) லாபத்துக்கும் சேர்க்க வேண்டும்.

இதே கணக்கை 400 மணி என்று போட்டால் அடக்கம் 17 ரூபாய் 50 காசு என்று வரும். அதைப் பார்த்து 22 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டவர், லாபம் வருகிறது என்று நம்பிக்கொண்டே ஒவ்வொரு பாகத்திலும் மூன்று ரூபாய் இழப்பார்.

படி 3: பதிவுகள்

எம்எஸ்எம்இ எனப்படும் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு முழுக்க இணையத்தில், ஆதாரும் பான் எண்ணும் வைத்துச் செய்வது. கட்டணம் கிடையாது, காசு கேட்கும் போலித் தளங்களை நம்பாதீர்கள். 2025 ஏப்ரல் முதல், முதலீடு 2.5 கோடிக்குள்ளும் விற்பனை 10 கோடிக்குள்ளும் இருந்தால் அது குறுந்தொழில்.

ஜிஎஸ்டி: தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். ஆனால் ஓசூரில் செய்த பொருளைப் பெங்களூருக்கு விற்றால் முதல் பில்லிலிருந்தே கட்டாயம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் தொழில்களை மாசின் அளவைப் பொறுத்து நிற வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள்; உங்கள் தொழில் எந்த வகையில் வருகிறது என்று ஷெட் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். முலாம் பூசும் வேலை சிவப்பு வகை. அதற்கு நினைத்த இடத்தில் அனுமதி கிடைக்காது.

படி 4: கடனும் மானியமும்

ஆர்டர் கடிதமும் மணிக்கணக்கும் கையில் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகலாம். எல்லோரும் டிஐசி என்று சொல்வது அதைத்தான். மத்திய அரசின் பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்ட மதிப்பு. பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25 சதவீதம் மானியம். பெண்கள், பட்டியல் சாதியினர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 25-ம் 35-ம். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. மாநில அரசின் நீட்ஸ் திட்டம் படித்த முதல் தலைமுறையினருக்கானது: 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரை, 25 சதவீத மானியம் அதிகபட்சம் 75 லட்சம், கூடவே 3 சதவீத வட்டித் தள்ளுபடி. வயது, கல்வித் தகுதி விதிகள் அவ்வப்போது மாறும், டிஐசியில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

இதில் பலர் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. பிஎம்இஜிபியின் முதல் கடன் புதுத் தொழிலுக்கு மட்டும். மெஷினை வாங்கிப் பட்டறை ஓட்ட ஆரம்பித்துவிட்டுப் போய் நின்றால் கிடைக்காது. இன்னொன்று, மானியத் தொகை உங்கள் கைக்கு வருவதில்லை. வங்கியிலேயே மூன்று வருடம் டெபாசிட்டாக இருந்து, பிறகுதான் கடனில் கழியும். ஆகவே முதல் மாதச் சம்பளத்துக்கும் மெட்டீரியலுக்கும் அதை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

படி 5: பில் பணத்தை வசூலிப்பது

சின்னப் பட்டறைகள் மூடப்படுவதற்கு வேலை இல்லாததைவிட, செய்த வேலைக்குப் பணம் வராததே பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். சட்டம் இங்கே நம் பக்கம் நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. தர மறுத்தால் மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளம் வழியாகப் புகார் கொடுக்கலாம். உத்யம் பதிவை முதல் சப்ளைக்கு முன்பே எடுத்து, அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

வாடிக்கையாளர் மேல் புகார் கொடுக்கத் தயங்குவது இயல்பு. அதற்கு முன்னால், அவருடைய கணக்குப் பிரிவிடம் வருமானவரிச் சட்டத்தில் இதற்கென உள்ள விதியை (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு) பணிவாக நினைவூட்டுங்கள். கெடு தாண்டியும் நிதியாண்டு முடிவதற்குள் தராத தொகையை அவர்கள் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, வரி கூடும். மார்ச் மாதம் நெருங்கும்போது இந்த நினைவூட்டல் நன்றாக வேலை செய்கிறது.

படி 6: இரண்டாவது வாடிக்கையாளர்

திருச்சி துவாக்குடி, திருவெறும்பூர்ப் பக்கம் பாய்லர் பாகங்கள் செய்யும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெல் (பிஎச்இஎல்) நிறுவனத்தின் ஆர்டரையே நம்பி வளர்ந்தன. அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது, திறமையான வெல்டர்கள் இருந்தும் பல பட்டறைகள் தடுமாறின. பெரிய ஆலையே நின்றுபோகும் நாளும் உண்டு: ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014-இல் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022-இல் நிறுத்தியது.

முதல் வருடத்தில் ஒரே கம்பெனிதான் இருக்கும், அது தவிர்க்க முடியாதது. இரண்டாம் வருட முடிவுக்குள் யாருடைய பங்கும் உங்கள் விற்பனையில் பாதியைத் தாண்டாதபடி வேலையைப் பிரிக்கப் பாருங்கள். இரண்டாமவர் வேறு துறையில் இருப்பது நல்லது. வாகன பாகம் வெட்டும் அதே லேத்தில் கோவைப் பம்புக்கு ஷாஃப்டும், ஜவுளி மெஷினுக்கு புஷ்ஷும் வெட்டலாம். படி 2-இல் போட்ட மணிக்கணக்கு அவருக்குக் கொட்டேஷன் கொடுக்கவும் அப்படியே உதவும். செட்டிங் நேரத்தை மட்டும் புதிதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.