டாக்சி ஸ்டாண்டில் டாப் டென்: சட்டையைப் பிடிக்காமல் சண்டை போடுவது எப்படி?

குன்னூரில் டாக்சி ஓட்டுகிறவனுக்கு ஐப்பசி, கார்த்திகையில் வண்டியைவிட வாய்தான் அதிகம் ஓடும். கல்லாறுக்கு மேலே தண்டவாளத்தில் மண் சரிந்து மலை ரயில் ரத்தாகிவிட்டால் அன்றைக்கு ஸ்டாண்டில் சவாரி என்ற பேச்சே கிடையாது. மழைக்கு ஒதுங்கி ஒரே வண்டிக்குள் நாலைந்து பேர் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டால், டீசல் விலையில் ஆரம்பிக்கும் பேச்சு பத்து நிமிடத்தில் சினிமாவுக்கு வந்துவிடும். "எல்லாக் காலத்துக்கும் டாப் டென் சொல்லு பார்ப்போம்" என்று யாராவது கொளுத்திப் போடுவார்கள். சவாரி வரும்வரை எரியும்.

இதை ஒழுங்காக நடத்த ஒரு முறை இருக்கிறது. அது இல்லாவிட்டால் குரல் பெரிதாக இருப்பவன் சொன்னதுதான் பட்டியல். எங்கள் ஸ்டாண்டில் ஓட்டுச் சீட்டுகளை எண்ணும் வேலை என்னுடையது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் ஆட்கள். ஏழு அல்லது ஒன்பது பேர் போதும். ஒற்றைப்படையாக இருந்தால் இழுபறி குறையும். ஒரே மாதிரி ரசனை உள்ளவர்களைக் கூட்டி வைத்தால் அரை மணி நேரத்தில் எல்லோரும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். எங்களிடம் கோத்தகிரி அண்ணன் இருக்கிறார், படுகர். எண்பதுகளின் தமிழ்ப் படம் அவருக்கு மனப்பாடம். கூடலூர் தம்பிக்கு மலையாளப் படம் என்றால் உயிர். பந்தலூர் பெரியவர் சிறுவனாக இலங்கையிலிருந்து வந்து டேன்டீ என்கிற அரசுத் தேயிலை எஸ்டேட் லைனில் வளர்ந்தவர். பாதிப் படங்களை அவர் பார்த்ததே இல்லை, சிலோன் ரேடியோவில் ஒலிச்சித்திரமாகக் கேட்டவர். ஆனால் வசனத்தை மறக்கவே மாட்டார். இந்த மூன்று பேரை ஒரே சீட்டில் உட்கார வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆள் மாறினால் பட்டியலும் மாறும். இது பெரிய இடத்திலும் உண்டு. பிரிட்டனில் வரும் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை 1952 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை உலகின் சிறந்த படம் எது என்று விமர்சகர்களிடம் கேட்கிறது. 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்'தான் முதலிடம். 2012இல் 'வெர்டிகோ' வந்தது. 2022இல் ஓட்டுப் போட்டவர்களை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 1,639 பேராக உயர்த்தினார்கள். ஷாந்தால் அகர்மான் 1975இல் எடுத்த 'ஜான் டீல்மன்' முதலிடத்துக்கு ஏறியது. இடையில் எந்தப் படத்திலும் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை.

அடுத்தது கேள்வி. "சிறந்த படம் எது?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். ஒருத்தர் மனதில் விருது இருக்கும், இன்னொருத்தர் மனதில் காதலி இருப்பாள். நான் வைக்கும் கேள்வி இது: ராத்திரி பதினொன்று. டிவியில் ஒரு படம் பாதியிலிருந்து ஓடுகிறது. காலையில் நாலரைக்குக் கிளம்பினால்தான் கோயம்புத்தூர் ஏர்போர்ட் டிராப். எந்தப் படத்துக்காகத் தூக்கத்தை விடுவீர்கள்? இப்படிக் கேட்டால் பொய் சொல்வது கஷ்டம். உலக சினிமா பேசிக்கொண்டிருந்தவர் சத்தமில்லாமல் 'கரகாட்டக்காரன்' என்று எழுதித் தருவார். வாழைப்பழக் கணக்குக்கு முன்னால் எல்லோரும் சமம்.

வேறு மாதிரிப் பட்டியல் வேண்டுமென்றால் கேள்வியை மாற்றுங்கள். "வளர்ந்த பிள்ளைக்குக் கட்டாயம் காட்டவேண்டிய படம்" என்பது இன்னொரு நல்ல கேள்வி. இரண்டையும் ஒரே நாளில் கலக்காமல் இருந்தால் சரி.

யார் எதை எழுதலாம் என்பதற்கு எங்களிடம் மூன்றே விதிகள். முழுதாகப் பார்த்த படமாக இருக்க வேண்டும். பெரியவருக்கு மட்டும் கேட்டதும் கணக்கு. பாதிப் பேராவது பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விவாதம் கதைச்சுருக்கம் சொல்வதில் முடிந்துவிடும். மூன்றாவது, படம் வந்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தபோது இந்த மூன்றாவது விதிதான் எங்களைக் காப்பாற்றியது. கூடலூர் தம்பி அதை நேராக முதலிடத்தில் வைக்க வந்தான். ஒரு வருடம் காத்திரு என்று சொல்லிவிட்டோம். சூடு ஆறியபின் அவனே நாலாவது இடத்தில் எழுதினான். நாலாவது இடம் எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது.

அந்தப் படத்தின் வேர் இருக்கிற 'குணா'வையே பாருங்கள். 1991 தீபாவளிக்கு 'தளபதி' வந்த அதே நாளில் வந்தது. அன்றைக்கு ஸ்டாண்டில் சீட்டுப் போட்டிருந்தால் 'தளபதி' அடித்துத் தூக்கியிருக்கும். ஆனால் 'குணா' எடுத்த, டெவில்ஸ் கிச்சன் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்த கொடைக்கானல் குகையை இன்று எல்லோரும் குணா குகை என்றுதான் சொல்கிறார்கள். சில படங்களுக்கு மார்க் லேட்டாகத்தான் விழும். அதனால் பட்டியல் போட்ட தேதியைக் காகிதத்தின் மூலையில் எழுதி வையுங்கள். அடுத்த வருடச் சண்டைக்கு அதுதான் விதைநெல்.

மலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. எங்கள் ஊரில் எடுத்த படம் என்றால் கை தானாக மார்க் போடும். கூடலூர் ரோட்டில் ஷூட்டிங் மட்டத்தில் இறக்கிவிட்டு, "இங்கேதான் சார் அந்தப் பாட்டு எடுத்தாங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு இது. எந்தப் பாட்டு என்று சார் கேட்டால், அவர் வயதைப் பார்த்து ஒரு பாட்டைச் சொல்வோம். 1998இல் வந்த 'உயிரே' படத்தின் ரயில் பாட்டு எங்கள் மலை ரயில் மேலேதான் எடுக்கப்பட்டது, அது சத்தியமான உண்மை. அதற்காகப் படத்துக்கு இரண்டு மார்க் கூட்ட முடியாது. ஊர்ப்பாசத்துக்கு மார்க் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி வாதம். இங்கே ஒரே ஒரு விதி: காட்சியைச் சொல். "செம படம்", "மொக்கை" இரண்டும் செல்லாது. எங்களிடம் 'மூன்றாம் பிறை' பற்றி நடந்ததைச் சொன்னால் புரியும்.

கோத்தகிரி அண்ணன் அதைத் தன் சீட்டில் முதலாவதாக வைத்திருந்தார். தம்பி விடவில்லை. "ஸ்லோண்ணே" என்றான். செல்லாது, காட்சியைச் சொல் என்றேன். அண்ணன் முந்திக்கொண்டார்: "கேத்தி ஸ்டேஷன் ஒண்ணு போதாதாடா? மழையில் தலையில் பானையை வைத்துக் குரங்காட்டம் ஆடிக் காட்டுகிறான், அவள் யாரோ பைத்தியம் என்று பார்க்கிறாள்." தம்பி கேட்டான், "அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தை எடுத்துட்டா மிச்சப் படத்துக்கு எவ்வளவு மார்க்?" நல்ல கேள்வி. அண்ணன் கொஞ்சம் யோசித்து, "முன்னால் அவ்வளவு நேரம் அவளைக் குழந்தையாக வைத்துப் பார்த்துக்கொண்டதால்தான் கடைசியில் வலிக்கிறது. தனியாகப் பிரிக்க முடியாது" என்றார். அதுவும் நல்ல பதில். உடனே தம்பி, "சரிண்ணே, அப்ப சில்க் ஸ்மிதா பகுதி எதுக்கு? அதுவும் வலிக்கவா?" என்றான். வண்டியே அதிர்ந்தது. அண்ணனும் சிரித்துவிட்டார்.

இந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரிடமும் சரியான பதில் இல்லை. கமலுக்குச் சிறந்த நடிகர், பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவு என்று இரண்டு தேசிய விருது வாங்கிய படம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் எடுபடாது. எடுபடவும் கூடாது. விருதையும் வசூலையும் இணையத்தில் உள்ள ஸ்டார் மார்க்கையும் சாட்சிக்கு அழைப்பவர் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்ல முடியாதவர் என்பது என் கட்சி. அதனால் வாதம் நடக்கும்போது போன்களை டாஷ்போர்டில் கவிழ்த்து வைக்கச் சொல்வேன். சவாரி கால் வந்தால் மட்டும் எடுக்கலாம்.

வாதம் முற்றினால் இன்னொரு வழி: எதிராளியின் படத்துக்காக நீங்கள் ஐந்து நிமிடம் பேச வேண்டும். வேண்டாவெறுப்பாக ஆரம்பிப்பவர் மூன்றாவது நிமிடத்தில் தன்னை மறந்து பேசுவார். ரசிகர் மன்றக் குரல் கேட்டால் நடிகர் பெயரையே சொல்லக்கூடாது என்று தடை போடுங்கள். கதாபாத்திரத்தின் பெயரை வைத்துத்தான் பேச வேண்டும். பாதிப் பேருக்கு வாய் அடைத்துவிடும்.

இப்போது எண்ணிக்கை. எல்லோரும் அலட்சியமாக விடும் இடம் இதுதான், உண்மையில் ஜெயிக்கும் படத்தை முடிவு செய்வதும் இதுதான். ஒருமுறை எங்களுக்கு மிஞ்சியது மூன்று படங்கள்: 'நாயகன்', 'மூன்றாம் பிறை', 'கரகாட்டக்காரன்'. ஒன்பது பேர் வரிசைப்படுத்தி எழுதினார்கள். நாலு பேர் நாயகன், கரகாட்டக்காரன், மூன்றாம் பிறை என்று எழுதினார்கள். மூன்று பேர் மூன்றாம் பிறை, கரகாட்டக்காரன், நாயகன். இரண்டு பேர் கரகாட்டக்காரன், மூன்றாம் பிறை, நாயகன்.

முதலிடத்தை மட்டும் எண்ணினால் நாயகனுக்கு 4, மூன்றாம் பிறைக்கு 3, கரகாட்டக்காரனுக்கு 2. நாயகன் ஜெயித்தது.

முதலிடத்துக்கு 3, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1 என்று புள்ளி கொடுத்தால் நாயகனுக்கு 17, மூன்றாம் பிறைக்கு 17, கரகாட்டக்காரனுக்கு 20. கரகாட்டக்காரன் ஜெயித்தது.

முதலிட ஓட்டு குறைந்த படத்தை நீக்கிவிட்டு, அதற்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தைச் சேர்த்தால் கரகாட்டக்காரன் வெளியே போகிறது. அந்த இரண்டு ஓட்டும் மூன்றாம் பிறைக்கு. 5க்கு 4. மூன்றாம் பிறை ஜெயித்தது.

அதே ஒன்பது சீட்டுதான், யாரும் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. புள்ளி முறைக்கு 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர் போர்டாவின் பெயர் இருக்கிறது. நீக்கிக்கொண்டே போகும் முறையில்தான் ஆஸ்காரில் சிறந்த படத்தை இப்போது தேர்ந்தெடுக்கிறார்கள். என் பரிந்துரை: பத்துப் படப் பட்டியல் வேண்டுமென்றால் புள்ளி முறை. யாருக்கும் கசக்காத படங்கள் மேலே வரும், பட்டியலும் பார்க்க லட்சணமாக இருக்கும். ஒரே ஒரு வெற்றியாளர் வேண்டுமென்றால் நீக்கும் முறை. எதுவானாலும் சீட்டைப் பிரிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பிரித்தபின் முறையைப் பேச ஆரம்பித்தால் எவன் படம் தோற்கிறதோ அவன் கணித மேதை ஆகிவிடுவான். விதியை முன்கூட்டி எழுதுவது எங்கள் மலைக்குப் புதிதும் இல்லை. ஸ்னூக்கரை 1875இல் ஜபல்பூரில் ஆட ஆரம்பித்தார்கள், ஆனால் அதன் விதிகள் எழுத்தில் வந்தது 1882இல் ஊட்டி கிளப்பில்.

சீரியல்களுக்கு வருவோம். இங்கே "முழுதாகப் பார்த்திருக்க வேண்டும்" என்ற விதி வேலைக்கு ஆகாது. 'கோலங்கள்' 2003இல் தொடங்கி 2009இல் முடிந்தது, ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுக்கு மேல். யார் எண்ணிப் பார்த்தது? அதனால் "ஒரு மாதமாவது விடாமல் பார்த்தது" என்று தளர்த்திக்கொள்ளுங்கள். வீட்டுக்காரம்மாவையும் அம்மாவையும் சேர்க்காமல் சீரியல் பட்டியல் போடாதீர்கள். நாங்கள் வீட்டுக்குப் போனதே எட்டரைக்கு மேல், எங்களுக்கு என்ன தெரியும்? என் வீட்டில் கேட்டால் 'மெட்டி ஒலி' முதலிடம், அதில் மறுபேச்சே கிடையாது. எனக்கு 'மர்மதேசம்', அதிலும் 'விடாது கருப்பு'. கரெண்ட் போய் மஞ்சு இறங்கிய ராத்திரியில் அந்தக் குதிரைச் சத்தத்தை நினைத்துக்கொண்டு வெளியே இருக்கும் பாத்ரூமுக்குப் போனவர்கள் என் பக்கம் ஓட்டுப் போடுவார்கள்.

விளையாட்டுகளில் வயதுவாரியாகப் பிரித்துவிடுவது நல்லது. நாற்பதைத் தாண்டியவன் டிவியில் கேசட் போட்டு ஆடிய 'கான்ட்ரா'வையும் 'மாரியோ'வையும் விட்டுக்கொடுக்க மாட்டான். சின்னப் பையன்கள் 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்த நாளைத் துக்க நாளாகச் சொல்வார்கள். இரண்டு கூட்டத்தையும் மோத விட்டால் வாதம் நடக்காது, ஆளுக்கு ஒரு பெருமூச்சுதான் வரும். கேரம் போர்டைச் சேர்க்கலாமா என்று பந்தலூர் பெரியவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஆடியது என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.

மிச்சம் இருப்பது டீயும் வர்க்கியும். முதலிடம் பிடித்த படத்தைத் தன் சீட்டில் முதலாவதாக எழுதியவர்கள் எல்லோருமாகப் பணம் கட்ட வேண்டும். ஜெயித்தவன்தான் செலவு செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு வந்தபின், கள்ள ஓட்டுப் புகார் எங்கள் ஸ்டாண்டில் வந்ததே இல்லை.